எவரெஸ்டில் தொலைந்த சட்டைப்பை கேமரா

பெரிய கேமராவைத் தூக்கிக்கொண்டு அலைபவர்கள் பலரும், அவசரத்துக்கு இருக்கட்டும் என்று மலிவான சின்ன கேமரா ஒன்றையும் பையில் போட்டுக்கொள்வதுண்டு. டிஜிட்டல் காலத்தில் காம்பாக்ட் கேமராக்கள் செய்த இந்த வேலையை அதற்கு வெகு காலம் முன்பே செய்தது, கோடக் நிறுவனம் 1912-ல் வெளியிட்ட 'வெஸ்ட் பாக்கெட் கோடக்'. மடித்தால் சட்டைப்பைக்குள் அடங்கிவிடும். ஒரு சுருளில் எட்டு படங்கள். அமெரிக்காவில் ஆரம்ப விலை 6 டாலர்தான். முதல் உலகப்போரின்போது 'சிப்பாயின் கோடக்' என்றே இதை விளம்பரப்படுத்தினார்கள்.

அப்படிப்பட்ட ஒரு சின்ன கேமராவில்தான் மலையேற்ற வரலாற்றின் மிகப்பெரிய கேள்விக்கான விடை இருக்கக்கூடும் என்றால் நம்ப முடிகிறதா?

1924-ல் பிரிட்டிஷ் குழு ஒன்று எவரெஸ்டில் ஏற முயன்றது. குழுவின் அதிகாரபூர்வ புகைப்படக்காரர் ஜான் நோயல். தொலைநோக்கு லென்ஸ் பொருத்திய அவருடைய கனமான சினிமா கேமராவை சிகரம் வரை யாரும் தூக்கிச் செல்ல முடியாது. ஆகவே உச்சிக்குப் போகிறவர்கள் நம்பியது சட்டைப்பை கேமராவைத்தான்.

ஜூன் 4-ம் தேதி நார்ட்டன், சாமர்வெல் இருவரும் ஆக்சிஜன் இல்லாமல் ஏறினார்கள். தொண்டைப் பிரச்சினையால் சாமர்வெல் பாதியில் நின்றுவிட, நார்ட்டன் சுமார் 8570 மீட்டர் வரை போய்த் திரும்பினார். அடுத்து கிளம்பியவர்கள் ஜார்ஜ் மல்லரியும் ஆண்ட்ரூ இர்வினும். மல்லரியிடம் கேமரா இல்லாததால் சாமர்வெல் தன்னுடையதைக் கொடுத்து அனுப்பினார்.

ஜூன் 8 அன்று மதியம் 12.50-க்கு, மேகம் விலகிய சில நிமிடங்களில் ஓடெல் என்பவர் இருவரையும் உச்சிக்கு அருகில் பார்த்தார். மீண்டும் மேகம் மூடியது. அவர்கள் திரும்பவே இல்லை.

உச்சியைத் தொட்டுவிட்டு இறங்கும்போது இறந்தார்களா, தொடாமலேயே இறந்தார்களா? தொட்டிருந்தால், 1953-ல் டென்சிங்கும் ஹிலாரியும் ஏறியதற்கு 29 ஆண்டுகள் முன்பே எவரெஸ்டில் மனிதன் கால் வைத்துவிட்டான் என்றாகும். 1999 மே 1-ம் தேதி மல்லரியின் உடல் கிடைத்தது. கடிதங்கள், பனிக்கண்ணாடி எல்லாம் இருந்தன. கேமரா மட்டும் இல்லை! 2024-ல் ராங்புக் பனியாற்றில் இர்வினின் பூட்ஸும் பாதமும் கிடைத்தன. அப்போதும் கேமரா கிடைக்கவில்லை. கடுங்குளிரில் உறைந்து கிடக்கும் கறுப்பு வெள்ளை ஃபிலிமை இன்றும் கழுவிப் படம் எடுக்க வாய்ப்பு உண்டு என்பதால் தேடுபவர்கள் நம்பிக்கை இழக்கவில்லை.

கேமராவைக் கொடுத்த சாமர்வெல் நம் ஊர்க்காரர்களுக்கு அந்நியர் அல்லர். அறுவை சிகிச்சை மருத்துவரான அவர், 1922 எவரெஸ்ட் பயணம் முடிந்து, அன்று திருவிதாங்கூரில் இருந்த நெய்யூர் மருத்துவமனையைப் பார்க்க வந்தார். குவிந்து கிடந்த நோயாளிகளைக் கண்டு அங்கேயே பணியாற்ற முடிவெடுத்தார். பல்லாண்டுகள் உழைத்தார். 1956 முதல் அந்த ஊர் தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளது.

1975-ல் சாமர்வெல் மறைந்தார். நண்பனுக்குக் கொடுத்த கேமரா அவர் கைக்குத் திரும்பவே இல்லை. அந்த எட்டு படங்களில் ஒன்று உச்சியில் எடுக்கப்பட்டதா என்பது பனிக்கு மட்டுமே தெரியும்.