தாத்தாவோட திதியும் என் போன் காலண்டரும்

இந்த வாரம் ராஜா இல்ல, போர் இல்ல, கல்வெட்டும் இல்ல. ஒரு ஆணியைப் பத்திப் பேசப்போறேன்.

காஞ்சிபுரத்துக்குப் பக்கத்துல ஏனாத்தூர்ல எங்க வீடு. அந்த வீட்டு ஹால்ல, சுவிட்ச் போர்டுக்குப் பக்கத்துல ஒரு ஆணி. அதுல எப்பவும் ஒரு தினசரி காலண்டர் தொங்கும். ஜவுளிக்கடை கொடுத்தது, இல்லன்னா மளிகைக்கடை கொடுத்தது. மேல ஒரு சாமி படம், கீழ நாள் கிழிக்கிற தாள். அந்த வீட்டோட நிர்வாகமே அந்த ஆணியிலதான் தொங்கிட்டு இருந்துச்சுன்னு எனக்குப் புரியறதுக்கு முப்பது வயசு ஆச்சு.

அம்மா அந்தத் தாள்ல ஒத்தை எழுத்துல குறிச்சு வைப்பாங்க. 'பா'ன்னா அன்னைக்குப் பால் வரல. 'சி'ன்னா சிலிண்டர் மாத்துன நாள். 'கூ'ன்னா தறிக்கூலி வந்த நாள், பக்கத்துலயே தொகை. வட்டம் போட்டிருந்தா யாரோ வீட்டு விசேஷம், மொய் வைக்கணும். கிழிச்ச தாளையும் தூக்கிப் போட மாட்டாங்க. பின்பக்கம் வெள்ளையாத்தானே இருக்கு? மளிகை லிஸ்ட், ஜரிகைக் கணக்கு எல்லாம் அதுலதான். ஒரு நாள் அப்பாகிட்ட, "அம்மா எதை எங்க எழுதி வச்சிருக்காங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"ன்னு கேட்டேன். "அவளுக்குத் தெரியுமே"ன்னாரு. எங்க வீட்டு வரலாறே அந்தப் பதில்லதான் இருக்கு. சரி, அதுக்கு அப்புறம் வரேன்.

முதல்ல நான் சொதப்பின கதை. எங்க தாத்தா 2020 நவம்பர் 5, வியாழக்கிழமை தவறிட்டாரு. காரியம் எல்லாம் முடிஞ்சு பெங்களூரு திரும்பினதும் நான் செஞ்ச முதல் வேலை, போன் காலண்டரைத் திறந்து 'தாத்தா திதி, நவம்பர் 5, ஒவ்வொரு வருஷமும்'னு போட்டதுதான். ரொம்பப் பொறுப்பா நடந்துக்கிட்டோம்னு ஒரு நினைப்பு வேற.

அடுத்த வருஷம் தீபாவளி நவம்பர் 4. அடேங்கப்பா, ரெண்டும் அடுத்தடுத்த நாள், ஒரே லீவுல முடிச்சிடலாம்னு ஒரு மாசம் முன்னாடியே டிக்கெட் போட்டேன். நடுவுல அம்மா போன்ல ஒரு வார்த்தை சொன்னாங்க: "திதி முடிஞ்சிடுது, அதனால இந்த வருஷம் தீபாவளி உண்டு. துணி எடுத்துடு." ஒரு வருஷத் துக்கம் முடியாம வீட்டுல பண்டிகை கிடையாதுங்கிறது எனக்கும் தெரியும். அப்படின்னா திதி தீபாவளிக்கு முன்னாடி வந்தாகணும். காதுல விழுந்துச்சு, மண்டைக்குப் போகல.

அக்டோபர் 25, திங்கள்கிழமை, காலையில எட்டு மணிக்கு அம்மா போன். "ஏண்டி, வண்டி எதுவரைக்கும் வந்திருக்கு?" "எந்த வண்டி?"ன்னு கேட்டேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அன்னைக்குத்தான் தாத்தாவுக்குத் தலைத்திவசம். அப்பாவும் பெரியப்பாவும் சர்வதீர்த்தக் குளத்துக்குக் கிளம்பிட்டாங்க. நான் கிடைச்ச பஸ்ஸப் பிடிச்சு வீடு வந்து சேர்ந்தப்ப மூணு மணி. சொந்தக்காரங்க எல்லாம் சாப்பிட்டுப் போயாச்சு. எனக்குன்னு ஒரு இலையில எல்லாத்தையும் வச்சு மூடி வச்சிருந்தாங்க. யாரும் திட்டல. அதுதான் தாங்கல.

பிசகு எங்கன்னு பார்ப்போம். தாத்தா தவறினது ஐப்பசி மாசம், தேய்பிறை பஞ்சமி. இதுல ஐப்பசிங்கிறது சூரியக் கணக்கு. சூரியன் துலா ராசிக்குள்ள நுழையறதுல இருந்து வெளிய போற வரைக்கும். பஞ்சமிங்கிறது சந்திரக் கணக்கு, பௌர்ணமிக்கு அப்புறம் அஞ்சாவது திதி. ஒரு அமாவாசையில இருந்து அடுத்த அமாவாசைக்கு ஏறக்குறைய 29½ நாள். பன்னிரண்டு தடவை சேர்த்தா 354 நாள். சூரிய வருஷமோ 365 நாள். அதனால திதி வருஷத்துக்குப் பதினோரு நாள் முன்னாடி நகரும். நவம்பர் 5ல இருந்து பதினொண்ணைக் கழிச்சுப் பாருங்க, அக்டோபர் 25. அதுக்கடுத்த வருஷமும் அதே மாதிரி கழிச்சா 2022 அக்டோபர் 14. ஆனா அன்னைக்குப் புரட்டாசியே முடியல. ஐப்பசிக்குள்ள வர்ற பஞ்சமிதான் வேணும்னா ஒரு சந்திர மாசம் தள்ளிப் போகணும். நவம்பர் 13. ஆக மூணு வருஷத்துல 5, 25, 13. இந்தக் கணக்கை 'ஒவ்வொரு வருஷமும்'ங்கிற ஒத்தைப் பொத்தான்ல அடைக்க முடியுமா?

தமிழ் மாசமே ஒரே நீளம் கிடையாதுங்கிறதையும் இங்க சொல்லிடறேன். மார்கழி பெரும்பாலும் 29 நாள்ல முடிஞ்சிடும், ஆனி சில வருஷம் 32 நாள் வரைக்கும் போகும். ஜனவரி வாக்குல பூமி சூரியனுக்குக் கிட்ட வந்து வேகமா ஓடும், ஜூலை வாக்குல தூரமாப் போய் மெதுவா நகரும். அந்த வேக வித்தியாசம் நம்ம மாசக் கணக்குல அப்படியே ஏறி உட்கார்ந்திருக்கு.

இதையெல்லாம் கம்ப்யூட்டர் இல்லாம எப்படிக் கணக்குப் போட்டாங்க? எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை இதுதான். ஜான் வாரன்னு ஒருத்தர். பிரெஞ்சுப் பிரபு வம்சத்துல பிறந்து ஆங்கிலேயப் படையில வேலை பார்த்தவர், சென்னை வானாய்வுக் கூடத்தையும் சில வருஷம் கவனிச்சுக்கிட்டவர். 1825ல சென்னையில 'காலசங்கலிதம்'னு ஒரு பெரிய புத்தகம் போட்டாரு, முழுக்க நம்ம ஊர்க் காலக்கணக்கைப் பத்தி. அவர் புதுச்சேரியில பஞ்சாங்கம் கணிக்கிற ஒரு தமிழரைப் பார்க்கிறாரு. அந்த மனுஷன் கையில பேப்பர் இல்ல, பேனா இல்ல. தரையில சோழியைப் பரப்பி, மனப்பாடமா இருக்கிற வாக்கியங்களைச் சொல்லிச் சொல்லிச் சோழியை நகர்த்துறாரு. அந்த வருஷம் மே கடைசியில வந்த சந்திர கிரகணத்தை அப்படியே கணிச்சுக் காட்டுறாரு. கிரகணம் தொடங்குற நேரம் நாலு நிமிஷம்தான் பிசகு. முடியற நேரத்துல ஐம்பது நிமிஷத்துக்குக் கிட்ட பிசகிடுச்சு, அதையும் சொல்லித்தான் ஆகணும். இருந்தாலும், சோழியும் ஞாபகமும் வச்சுக்கிட்டுங்க!

அந்த 'வாக்கியம்'தான் வாக்கியப் பஞ்சாங்கத்துக்குப் பெயர் கொடுத்தது. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண். எண்களைக் கோர்த்தா ஒரு சமஸ்கிருத வாக்கியம் கிடைக்கும். சந்திரனுக்கு மட்டும் 248 வாக்கியம், நாளுக்கு ஒண்ணு. ஏன் 248? சந்திரன் பூமிக்கு ரொம்பக் கிட்ட வந்துட்டுப் போய், திரும்பவும் கிட்ட வர 27½ நாளுக்குக் கொஞ்சம் கூட ஆகும். அந்த மாதிரி ஒன்பது சுத்து சேர்ந்தா கிட்டத்தட்ட சரியா 248 நாள். இதே 248 பாபிலோனியக் களிமண் பலகைகள்லயும் இருக்கு. ஓட்டோ நியூகபவர்ங்கிற கணித வரலாற்று அறிஞர் 1952ல இந்தத் தொடர்பைப் பத்தி எழுதினாரு. யூப்ரட்டீஸ் ஆத்தங்கரையில கிடைச்ச ஒரு எண், புதுச்சேரித் தரையில சோழியா உருண்டிருக்கு.

அதே 1952லதான் இந்திய அரசு, நாட்டுல இருக்கிற காலண்டர் குழப்பத்தைத் தீர்க்க ஒரு குழு போட்டுச்சு. தலைவர் மேக்நாத் சாஹா, பெரிய இயற்பியல் விஞ்ஞானி. ஊருக்கு ஊர் வேற வேற பஞ்சாங்கம், ஒரே பண்டிகை ரெண்டு நாள்ல. அவங்க பரிந்துரைப்படி 1957 மார்ச் 22ல இருந்து சக ஆண்டு தேசிய காலண்டர் ஆச்சு. அரசிதழ்ல இன்னைக்கும் அந்தத் தேதி இருக்கு. உங்க வீட்டுல யாராவது அதைப் பார்த்துக் கல்யாணம் வச்சிருக்காங்களா? தமிழ்ப் புத்தாண்டையே எடுத்துக்கங்க. 2008ல சட்டம் போட்டுத் தை ஒண்ணுக்கு மாத்தினாங்க, 2011ல திரும்பவும் சித்திரைக்கே வந்துச்சு. எங்க அம்மா ரெண்டு நாளும் பாயசம் வச்சாங்க.

வாக்கியமா, திருக்கணிதமாங்கிற சண்டையும் ஓயல. திருக்கணிதம் இப்போதைய வானியல் கணக்குப்படி திருத்தினது. அது 2023 ஜனவரி 17ன்னு சொன்ன சனிப்பெயர்ச்சியை, வாக்கியப்படி நடக்கிற திருநள்ளாறு கோயில் டிசம்பர் 20ல கொண்டாடுச்சு. பதினோரு மாச வித்தியாசம். எங்க வீட்டுல பாம்புப் பஞ்சாங்கம்தான். அட்டையில பாம்புப் படம் இருக்கிறதால வந்த பெயர், அது வாக்கியம்.

சரி, தறிக்கு வரேன். தாத்தா பிள்ளையார்பாளையத்துல நெஞ்சவர். அவருக்குப் பஞ்சாங்கம் சாமி சமாச்சாரம் மட்டும் இல்ல, தொழில் அட்டவணையும் அதுதான். பட்டுச்சேலை விக்கிறது முகூர்த்த நாளை வச்சு. ஆடியில கல்யாணம் இல்ல, மார்கழியில இல்ல. தை பிறந்தா வரிசையா முகூர்த்தம். தையில தாலி ஏறணும்னா சேலை ஐப்பசி, கார்த்திகையிலயே தறியில ஏறணும். ஐப்பசி, கார்த்திகைன்னா இந்த ஊர்ல என்ன? அடைமழை. தெருவுல பாவு நீட்ட முடியாது. ஈரத்துல பட்டு இழை பேச்சு கேட்காது. குழித்தறியில கால் வைக்கிற குழிக்குள்ள தண்ணி ஊறும். எந்த மாசம் வேலை கழுத்தை நெரிக்குமோ, அதே மாசம் தறி நிக்கும்.

இன்னொண்ணு, கோர்வைச் சேலை. உடம்பு ஒரு நிறம், கரை வேற நிறம், ரெண்டையும் பூட்டுப் பூட்டா இணைச்சு நெய்யணும். அதுக்கு ஒரே தறியில ரெண்டு பேர் வேணும். எங்க வீட்டுல அந்த ரெண்டாவது ஆள் பாட்டி, அப்புறம் அம்மா. தார் சுத்துறதும் அவங்கதான். அம்மா ஒரு நாள் கல்யாணத்துக்குப் போனா அடுப்பும் நிக்கும், தறியும் நிக்கும். அதனால அம்மா எந்த விசேஷத்துக்குப் போறாங்க, எப்பத் திரும்புறாங்கங்கிறதை அமாவாசையைச் சுத்தி வச்சுப்பாங்க. எங்க வீட்டுல அமாவாசைக்குத் தறி ஓடாது, தாத்தா கண்டிப்பு. மாசத்துக்கு ஒரு நாள் லீவு, அதுவும் விரதச் சமையலோட. லீவு யாருக்குன்னு நீங்களே சொல்லுங்க.

பஞ்சாங்கத்தைக் கணிச்சவங்க பெயர் புத்தகத்துல இருக்கு, ஆராய்ஞ்சவங்க பெயர் இருக்கு. அதைப் பார்த்துத் தினமும் வீட்டை ஓட்டினவங்க பெயர் எங்கயும் இல்ல. புதுச்சேரிக்காரர் மனசுல 248 வாக்கியம் வச்சிருந்தாருன்னு வியக்கிறோம். எங்க அம்மா மனசுல நாலு பேரோட திதி, ஒன்பது குழந்தைங்களோட நட்சத்திரம், மூணு சீட்டு, ரெண்டு நகைக்கடன் வட்டி நாள். சோழிகூட கிடையாது.

அந்தத் தாளை அச்சடிக்கிற ஊரைப் பத்தி ஒரு வார்த்தை. 1920கள்ல தீப்பெட்டித் தொழில் வந்ததால லேபிள் அச்சடிக்கக் கத்துக்கிட்ட சிவகாசிதான் பின்னாடி காலண்டர் ஊராவும் ஆச்சு. அங்க அடுத்த வருஷத்துக்கான ஆல்பத்தை ஆடிப்பெருக்கு அன்னைக்கு வெளியிடுவாங்க. நாம ஆகஸ்ட்ல இருக்கும்போதே ஜனவரி அங்க அச்சுக்குப் போயிடும். அதுல வர்ற ராகு காலம் மட்டும் கொஞ்சம் தோராயம். சூரியன் ஆறுக்கு உதிச்சு ஆறுக்கு மறையுதுன்னு வச்சுப் பகலை எட்டாப் பிரிச்சது. நெசமா உதிக்கிற நேரம் மாசத்துக்கு மாசம் மாறும். இதை அம்மாகிட்டச் சொன்னேன். "அப்போ ரெண்டு பக்கமும் கொஞ்சம் சேர்த்தே விட்டுடு"ன்னாங்க.

இப்ப எங்க வீட்டுல ஒரு ஏற்பாடு இருக்கு. சித்திரை பிறந்து புதுப் பஞ்சாங்கம் வந்ததும் நானும் அண்ணனும் ஊருக்குப் போறோம். அம்மா படிப்பாங்க, நாங்க எங்க எல்லார் போன்லயும் இருக்கிற பொதுக் காலண்டர்ல ஏத்துவோம். திதி, நட்சத்திரப் பிறந்தநாள், வட்டி கட்டுற நாள், அம்மாவோட கண் செக்கப். 'ஒவ்வொரு வருஷமும்'ங்கிற பொத்தானை யாரும் தொடறதில்ல. சிலிண்டர் இப்ப அண்ணன் வேலை. மொய்க் கணக்கு அப்பா. அப்பா முதல் ரெண்டு மாசம் தப்புத் தப்பா எழுதினாரு, அம்மா திருத்தாம விட்டுட்டாங்க, மூணாவது மாசம் சரியாப் போச்சு.

போன சித்திரையில பஞ்சாங்கத்துக்குள்ள இருந்து ஒரு பழைய தினசரித் தாள் விழுந்துச்சு. 2019 ஆகஸ்ட். அத்தி வரதர் குளத்துல இருந்து வெளிய இருந்த 48 நாள்ல ஒரு நாள். தாத்தா 1939ல அவரோட அப்பா தோள்மேல உட்கார்ந்து பார்த்ததாச் சொல்லுவாரு, ஒண்ணும் ஞாபகம் இல்லன்னும் சொல்லுவாரு. 1979ல பாட்டியோட போனாரு. 2019ல நாங்க சக்கர நாற்காலியில கூட்டிட்டுப் போனோம். அந்தத் தாளுக்குப் பின்னாடி தாத்தா கையெழுத்துல ஒரே வரி: 'அடுத்தது 2059.'

"அதையும் போட்டு வை"ன்னாங்க அம்மா. போட்டேன். 2059 ஜூலை 1, செவ்வாய்க்கிழமைன்னு காட்டுச்சு. எத்தனை மணிக்குன்னு போன் கேட்டுச்சு.

அம்மா கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கிட்டே சொன்னாங்க: "செவ்வாய்க்கிழமையா? மூணுல இருந்து நாலரையை விட்டுட்டுப் போடு."