நன்கொடைத் துணித் திருட்டு

தானமாகத் தர வாசலிலோ சேகரிப்புப் பெட்டியிலோ வைத்த துணிகளை, உரிய அமைப்பு எடுக்கும் முன் வேறொருவர் கொண்டுபோவது. வேண்டாமென்று வைத்ததை எடுப்பது திருட்டா என்ற கேள்விக்கு இங்கிலாந்து உயர் நீதிமன்றம் 2010-இல் விடை தந்தது. பிரிட்டிஷ் ஹார்ட் ஃபவுண்டேஷன் என்ற தொண்டு அமைப்பின் கடை வாசலில் கிடந்த பைகளை எடுத்தவர், அவை கைவிடப்பட்ட பொருள் என்று வாதிட்டார். நீதிமன்றம் ஏற்கவில்லை: அமைப்பு பெறும்வரை பை கொடுத்தவருக்கே சொந்தம். அவரே மற்றொரு தொண்டு அமைப்பான ஆக்ஸ்ஃபாமின் கடைப் பின்புறத் தொட்டியிலிருந்து எடுத்தவையோ ஆக்ஸ்ஃபாமின் வசமிருந்த பொருள்.

இந்தியச் சட்டம் பார்ப்பது பொருள் யார் வசம் இருந்தது, அவர் சம்மதித்தாரா என்பதை. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின், திருட்டைப் பற்றிய 303-ஆம் பிரிவில் பழந்துணிக்கென்றே எழுதியதுபோல ஒரு சலுகை உண்டு: மதிப்பு 5,000 ரூபாய்க்குள் இருந்து, முதல் குற்றமாகவும் இருந்தால், பொருளைத் திருப்பித் தந்தவருக்குச் சமூக சேவையே தண்டனை.

பழந்துணிக்கு விலை உண்டு என்பதே திருட்டின் வேர். தெருவில் பாத்திரக்காரர் பழைய புடவைக்கு எவர்சில்வர் கிண்ணம் தருவார். ஒரகடம் போன்ற தொழிற்பகுதிகளில் எந்திரம் துடைக்கக் கழிவுத்துணி வேண்டும்.

யாரும் எடுக்கலாம் என்றே வைத்தால் திருட்டுப் பேச்சே இல்லை. திருநெல்வேலியில் 2017-இல் தொடங்கிய ‘அன்புச் சுவர்’ அப்படிப்பட்டது. 2004 சுனாமிக்குப் பின் நாகப்பட்டினம் பக்கம் நிலைமை தலைகீழ்: நிவாரணமாக அனுப்பிய பழந்துணிகள் எடுப்பாரின்றிச் சாலையோரம் குவிந்தன.

துணி தருபவர்கள் பையை இரவில் வாசலில் விடாமல், நேரில் கொடுப்பதே நல்லது.