நூற்று முப்பத்து நான்கு தோல்விகள்

குடியரசு தினத்தன்று நம் வளாகத்தில் நடந்த பிளாக்குகளுக்கு இடையிலான கிரிக்கெட்டில், எங்கள் 'சி' பிளாக் ஆடிய நான்கு ஆட்டங்களிலும் தோற்றது உங்களுக்கு நினைவிருக்கும். மறந்திருந்தால் லிஃப்டில் வரும் யாராவது ஞாபகப்படுத்துவார்கள். "இதைவிட மோசமான டீம் உலகத்துலயே கிடையாது தாத்தா" என்று என் பேரன் அழாத குறையாகச் சொன்னான். உண்டு என்று அவனுக்குச் சொன்ன கதையைத்தான் இங்கே உங்களுக்கும் எழுதுகிறேன். தோற்ற அணியின் கதை என்றாலும், பாதிக்கு மேல் இது முதலாளிகளின் கதை.

அமெரிக்காவில், ஈரி ஏரிக்கரையில் உள்ள நகரம் கிளீவ்லாந்து. அந்த ஊரின் பேஸ்பால் அணிக்கு ஸ்பைடர்ஸ், அதாவது சிலந்திகள், என்று பெயர். 1899ஆம் ஆண்டில் அந்த அணி நேஷனல் லீக்கில் 154 ஆட்டங்கள் ஆடியது. வென்றவை 20. தோற்றவை 134. முதலிடம் பிடித்த புரூக்ளின் அணியைவிட 84 ஆட்டங்கள் பின்தங்கி, பன்னிரண்டு அணிகளில் கடைசியாக முடித்தது.

நம்மில் பலருக்கு பேஸ்பால் பழக்கமில்லை. அதனால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பருவம் தொடங்கிவிட்டால் ஏறக்குறைய தினமும் ஆட்டம் இருக்கும். பட்டம் வெல்லும் அணிகூட மூன்றில் ஒரு ஆட்டம் தோற்கும். கடைசி இடத்து அணியும் மூன்றில் ஒன்றையோ நான்கில் ஒன்றையோ எப்படியாவது வென்றுவிடும். 2024இல் சிகாகோ ஒயிட் சாக்ஸ் 162 ஆட்டங்களில் 121 தோற்று, நவீன காலத்தில் மிக அதிகத் தோல்வி கண்ட அணி என்று பெயர் வாங்கியது. அவர்களே 41 ஆட்டங்களில் வென்றிருக்கிறார்கள். சிலந்திகள் வென்றது ஏறக்குறைய எட்டில் ஒன்று. திறமைக் குறைவு மட்டும் ஒரு அணியை இந்த அளவுக்குக் கீழே தள்ளிவிடாது. யாராவது பிடித்துத் தள்ள வேண்டும்.

ஏனென்றால் முந்தைய ஆண்டு வரை இது நல்ல அணி. 1895இல் டெம்பிள் கோப்பையை வென்றது. 1898இல் 81 வெற்றி, 68 தோல்வி, ஐந்தாம் இடம். பந்து வீசுபவரை அங்கே பிட்சர் என்பார்கள். சிலந்திகளின் முதன்மைப் பிட்சர் சை யங். வாழ்நாளில் 511 ஆட்டங்களை வென்றவர். இன்றுவரை வேறு யாரும் அதை நெருங்கவில்லை. ஆண்டுதோறும் சிறந்த பிட்சருக்குத் தரப்படும் விருதுக்கே அவர் பெயர்தான். மட்டை பிடிப்பதில் ஜெஸ்ஸி பர்க்கெட் இருந்தார், பாபி வாலஸ் இருந்தார். அணித்தலைவர் பேட்ஸி டெபோ.

முதலாளிகள் ஃபிராங்க் ராபிசன், அவர் தம்பி ஸ்டான்லி. ஃபிராங்க் டிராம் கம்பெனி வைத்திருந்தவர். 1891இல் லீக் பார்க் மைதானத்தைத் தன் டிராம் வண்டிகள் போகும் இடமாகப் பார்த்துத்தான் கட்டினார். ஆட்டம் பார்க்க வருபவர் டிக்கெட்டுக்கும் காசு தருவார், டிராமுக்கும் தருவார். கெட்டிக்காரர்தான். ஆனால் கூட்டம் அவர் எதிர்பார்த்தபடி வரவில்லை. உழைக்கும் மக்களுக்கு ஓய்வு கிடைத்த ஒரே நாள் ஞாயிறு. அன்றைக்கு ஆட சட்டம் விடவில்லை. 1897 மே மாதம் துணிந்து ஒரு ஞாயிறு ஆட்டம் நடத்தியபோது போலீஸ் வந்து ஆட்டக்காரர்களைக் கைது செய்தது. ராபிசனுக்கு ஊர்மேல் மனக்கசப்பு வளர்ந்துகொண்டே போனது.

அந்த நேரத்தில் செயின்ட் லூயி அணி ஏலத்துக்கு வந்தது. அதன் முதலாளி கிறிஸ் வான் டெர் ஆஹே, மளிகைக் கடையும் மதுக்கடையும் நடத்தி மேலே வந்த ஜெர்மானியர். மைதானம் தீப்பிடித்து, கடனும் வழக்குகளும் சேர்ந்து கழுத்தை நெரிக்க, 1899 தொடக்கத்தில் அணி அவர் கையைவிட்டுப் போனது. கை மாறி ராபிசன் சகோதரர்களிடம் வந்து சேர்ந்தது. செயின்ட் லூயி பெரிய ஊர்; அங்கே ஞாயிற்றுக்கிழமையும் ஆடலாம். 1898இல் அந்த அணி 39 வெற்றி, 111 தோல்வி என்று கடைசி இடத்தில் இருந்ததுதான் ஒரே குறை.

ஒரே முதலாளியிடம் ஒரே லீக்கின் இரண்டு அணிகள்! ஐ.பி.எல்.லில் இப்படி நடந்தால் எவ்வளவு கூச்சல் எழும் என்று யோசியுங்கள். அன்றைக்கு அதைத் தடுக்க விதி இல்லை. புரூக்ளினும் பால்டிமோரும் அதே ஆண்டில் அப்படித்தான் ஒரு குடைக்குள் வந்தன. ராபிசன்கள் செய்தது சுலபமான கணக்கு. கிளீவ்லாந்தின் நல்ல ஆட்டக்காரர்கள் அனைவரையும் செயின்ட் லூயிக்கு மாற்றினார்கள். அங்கே கடைசி இடத்துக்கு வந்தவர்களில் பலரைக் கிளீவ்லாந்துக்கு அனுப்பினார்கள். செயின்ட் லூயி அணிக்கு 'பெர்ஃபெக்டோஸ்' என்று புதுப் பெயர். குறையே இல்லாதவர்களாம்.

பருவத்தின் முதல் நாள், ஏப்ரல் 15, இந்த இரண்டு அணிகளும்தான் மோதின. சை யங் தன் பழைய ஊரின் அணிக்கு எதிராகப் பந்து வீசினார். 10-1 என்று செயின்ட் லூயி வென்றது. முதலாளி தன்னையே தோற்கடித்து, தன்னையே ஜெயித்துக்கொண்டார்.

கிளீவ்லாந்து மக்கள் என்ன செய்தார்கள்? ஊர்வலம் போகவில்லை, கல்லெறியவில்லை. வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். அந்த ஆண்டு லீக் பார்க்கில் நடந்த 42 ஆட்டங்களுக்கும் சேர்த்து வந்தவர்கள் 6,088 பேர். ஓர் ஆட்டத்துக்கு 145 பேர். நம் பொங்கல் விழாவுக்கே இதைவிடக் கூட்டம் வரும். ஊர் ஆதரிக்கவில்லை, அதனால் அணியைக் கைகழுவினோம் என்பது ராபிசன்கள் தரப்பு வாதம். பழைய குடியிருப்பின் லிஃப்ட், ஜெனரேட்டரையெல்லாம் கழற்றிப் புதிய வளாகத்தில் மாட்டிவிட்டு, இங்கே ஏன் யாரும் குடிவரவில்லை என்று ஒரு பில்டர் கேட்டால் நாம் என்ன சொல்வோமோ, அதைத்தான் கிளீவ்லாந்து மக்களும் சொல்லாமல் சொன்னார்கள். ஞாயிறு தடையால் வருமானம் குறைந்தது உண்மைதான், அதை மறுக்கவில்லை. ஆனால் நஷ்டம் வந்த கடையை மூடுவது வேறு, சரக்கை அள்ளிக்கொண்டு போர்டை மட்டும் தொங்கவிடுவது வேறு.

இதனால் இன்னொரு சிக்கல். டிக்கெட் வசூலில் விருந்தாளி அணிக்கும் பங்கு உண்டு. 145 பேர் வசூலின் பங்கில் ஓட்டல் செலவுக்குக்கூடக் கட்டாது என்று மற்ற அணிகள் கிளீவ்லாந்துக்கு வரவே மறுத்தன. ஆகவே மிச்ச ஆட்டங்களை எல்லாம் சிலந்திகள் வெளியூரிலேயே ஆட வேண்டியதாயிற்று. ரயிலில் ஊர் ஊராகப் போய் ஆடியவை 112. அதில் 101 தோல்வி. பத்திரிகைகள் அவர்களை நாடோடிகள், நாடு கடத்தப்பட்டவர்கள் என்றெல்லாம் அழைத்தன. இன்றைய அணிகள் ஒரு பருவத்தில் வெளியூரில் ஆடுவதே 81 ஆட்டங்கள்தான் என்பதால், அந்த 101ஐ இனி யாரும் தாண்ட முடியாது.

ஆரம்பத்தில் அணியை நடத்தியவர் லேவ் கிராஸ். 8 வெற்றி, 30 தோல்வி வரை தாக்குப்பிடித்தார். மூன்றாம் தளத்தில் நன்றாகத் தடுத்து ஆடுகிறார் என்று அவரையும் ஜூனில் செயின்ட் லூயிக்கு எடுத்துக்கொண்டார்கள். அவருக்குப் பின் பொறுப்பேற்ற ஜோ குவின், சவ அடக்கத் தொழிலும் செய்துவந்தவர். நான் கட்டிச் சொல்லவில்லை, உண்மையிலேயே அதுதான் அவருடைய இன்னொரு தொழில்.

பேரனுக்கு மிகவும் பிடித்தது ஜிம் ஹியூயி என்ற பிட்சர். 4 வெற்றி, 30 தோல்வி. அவருக்குப் பிறகு ஒரே பருவத்தில் 30 ஆட்டம் தோற்ற பிட்சர் யாருமில்லை. கேலி செய்யத் தோன்றும். ஆனால் முப்பது முறை தோற்க வேண்டுமென்றால், முப்பதாவது முறையும் ஒருவர் உங்களை நம்பிப் பந்தைக் கையில் கொடுக்க வேண்டும். நீங்களும் வாங்கிக்கொள்ள வேண்டும். அணியில் அவரைவிட நன்றாக வீசுபவர் இல்லை. எதிரணிகள் அந்தப் பருவத்தில் எடுத்த ரன்கள் 1,252. இவர்கள் எடுத்தவை 529. ஆகஸ்ட் 26 முதல் செப்டம்பர் 16 வரை தொடர்ச்சியாக 24 தோல்விகள். கடைசி 41 ஆட்டங்களில் ஒரே ஒரு வெற்றி. அப்படியும் மறுநாள் ரயிலேறி அடுத்த ஊருக்குப் போய்ச் சீருடை மாட்டி நின்றிருக்கிறார்கள். சம்பளத்துக்குத்தான் என்று வைத்துக்கொண்டாலும், அது சுலபமான வேலையா, சொல்லுங்கள்.

அக்டோபர் 15, சின்சினாட்டியில் கடைசி ஆட்டம். அணி தங்கியிருந்த ஓட்டலின் சுருட்டுக் கடையில் வேலை பார்த்த எட்டி கோல்ப் என்ற இளைஞரைப் பந்து வீச இறக்கினார்கள். 19-3 தோல்வி. அத்துடன் அந்த அணியின் கணக்கு முடிந்தது. மறு ஆண்டு லீக் பன்னிரண்டு அணிகளை எட்டாகக் குறைத்தபோது கிளீவ்லாந்தை நீக்கிவிட்டார்கள்.

குறையற்றவர்களோ 84 வெற்றி, 67 தோல்வியுடன் ஐந்தாம் இடம். அதே ஆட்கள் முந்தைய ஆண்டு கிளீவ்லாந்தில் பிடித்த அதே ஐந்தாம் இடம்! வசூல் என்னவோ அங்கே கொட்டியது. மறு ஆண்டே அணியின் பெயரும் மாறிற்று. இன்றைய கார்டினல்ஸ் அவர்கள்தான். ஒருவரே இரண்டு அணி வைத்திருக்கக் கூடாது என்ற விதி பின்னாளில் வந்தது. கிளீவ்லாந்துக்கு 1901இல் அமெரிக்கன் லீக்கில் புதிய அணி கிடைத்தது. மக்கள் மறுபடி லீக் பார்க்குக்குப் போனார்கள். 1909இல் அங்கே சை யங்கும் திரும்பி வந்தார், நாற்பது வயது தாண்டிய பிறகு.

அந்த 1899 பருவம் முடிந்ததும் ஆட்டக்காரர்கள் தங்களுக்குள் காசு சேர்த்து, அணியுடன் ஊர் ஊராக வந்த செயலாளர் ஜார்ஜ் மூருக்கு வைரம் பதித்த லாக்கெட் ஒன்று பரிசளித்தார்கள் என்று சொல்வார்கள். அத்தனை ஆட்டங்களையும் உட்கார்ந்து பார்த்தவர் அவர் ஒருவர்தானாம். இதைக் கேட்ட நம் சங்கச் செயலாளர், "நமக்கெல்லாம் யார் சார் தரப்போறாங்க" என்று சிரித்தார்.