பின்பெஞ்சில் வந்த கேள்வி

எழுபதுகளின் கடைசியில் கல்லூரியில் இயற்பியல் நடத்திக்கொண்டிருந்தேன். ஒளிக்கும் அழுத்தம் உண்டு என்ற பாடம் வந்தால் பத்து நிமிடத்தில் முடித்துவிடுவேன். வால்வெள்ளியின் வால் சூரியனுக்கு எதிர்ப்பக்கம் நீள்வதைப் பார்த்து கெப்ளர் ஊகித்தார், மேக்ஸ்வெல் கணக்கில் காட்டினார், 1900 வாக்கில் ரஷ்யாவின் லெபதேவ் சோதனையில் அளந்தார். "நடைமுறையில் இதனால் ஒரு பயனும் இல்லை" என்று சொல்லிக் கரும்பலகையை அழித்துவிடுவேன்.

ஒரு வருடம் பின்பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்து, "சார், தள்ளப்படுற பொருள் ரொம்ப ரொம்பச் சின்னதா இருந்தா?" என்றான். பரீட்சையில் வராது, உட்கார் என்றேன். வகுப்பு சிரித்தது.

அந்தக் கேள்விக்கு அமெரிக்காவில் ஒருவர் ஏற்கெனவே விடை கண்டிருந்தார் என்பது அப்போது எனக்குத் தெரியாது. ஆர்தர் ஆஷ்கின், 1922-ல் புரூக்ளினில் பிறந்தவர். நியூஜெர்சியில் பெல் ஆய்வுக்கூடத்தில் வேலை. லேசர் வந்த பிறகு அவர் போட்ட கணக்கு நம் பிளஸ் டூ மாணவனுக்கே எட்டக்கூடியதுதான். ஒரு வாட் லேசர் முழுவதும் ஒரு பொருளின் மேல் விழுந்து உறிஞ்சப்பட்டால், அது தரும் தள்ளு ஒரு மில்லிகிராம் எடையில் ஏறக்குறைய மூவாயிரத்தில் ஒரு பங்கு. நமக்கு அது ஒன்றுமே இல்லை. ஆனால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு பருமனுள்ள பிளாஸ்டிக் மணிக்கு, ஒளியில் ஒரு பகுதி பட்டாலே அதன் எடையைப் போலப் பல்லாயிரம் மடங்கு!

மணிகளைத் தண்ணீரில் விட்டு லேசரைக் குவித்தார். எதிர்பார்த்தபடி நகர்ந்தன. எதிர்பாராதது வேறு: ஒளிக்கற்றையின் ஓரத்தில் கிடந்த மணிகள் நடுவுக்கு இழுபட்டன. மணி ஒரு குட்டி லென்ஸ். ஒளியை அது ஒரு பக்கம் வளைத்தால் ஒளி அதை மறுபக்கம் தள்ளும். வெளிச்சம் மிகுந்த பக்கத்துக்கே அது போய்ச் சேரும். எதிரெதிராக இரண்டு கற்றைகளை வைத்ததும் மணி நடுவில் மாட்டிக்கொண்டு நின்றது.

இதைக் கட்டுரையாக்கியபோது கூடத்துக்குள்ளேயே பரிசீலித்தவர்கள், தவறு இல்லை, புதிய இயற்பியலும் இல்லை, 'பிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸ்' அளவுக்குத் தேறாது என்றார்களாம். ஆஷ்கினே பிற்பாடு சொன்னது. மேலதிகாரி ருடால்ப் காம்ப்னர், அதெல்லாம் பார்க்காதே, அனுப்பு என்றார். 1970-ல் அதே இதழில் வெளிவந்தது.

1986-ல் சகாக்களுடன் ஒரே கற்றையால் பிடிக்கும் முறையைக் கொண்டுவந்தார். 'ஒளி இடுக்கி' என்று நாம் சொல்வது அதைத்தான். அடுத்த வருடம் வைரஸையும் பாக்டீரியாவையும் பிடித்தார். பச்சை லேசரில் பாக்டீரியாக்கள் செத்தன. அகச்சிவப்புக்கு மாற்றியதும் பிடிக்குள்ளேயே உயிரோடிருந்து இனம்பெருக்கின. 1993-ல் வேறொரு குழு, செல்லுக்குள் சரக்கு சுமக்கும் கைனசின் என்ற புரதம் எட்டெட்டு நானோமீட்டராக அடியெடுத்து வைப்பதை இந்த இடுக்கியால் பார்த்தது. தானே நீந்தும், தானே நடக்கும் நுண்பொருள்களைப் பிடித்துவைத்து, எவ்வளவு பலமாக முண்டுகின்றன என்று அளக்க இன்றும் இதுதான் கைக்கருவி.

1997-ல் அணுக்களை லேசரால் குளிர்வித்துப் பிடித்ததற்கு நோபல் வந்தது. வாங்கிய மூவரில் ஒருவர், 1986 கட்டுரையில் ஆஷ்கினோடு சேர்ந்து எழுதிய ஸ்டீவன் சூ. ஆஷ்கின் பெயர் இல்லை. அவர் 1992-லேயே ஓய்வு பெற்றுவிட்டார். கதை முடிந்தது என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள்.

2018-ல், 96 வயதில், பரிசில் பாதி அவருக்கு வந்தது. காபியும் பேப்பருமாக உட்கார்ந்திருந்த எனக்கு, படித்ததும் காபி ஆறிப்போனது. செய்தி சொல்லக் கூப்பிட்டவர்களிடம், சூரிய ஆற்றல் பற்றிக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன், பேட்டிக்கு நேரம் இருக்குமோ தெரியவில்லை என்றாராம். 2020-ல் 98 வயதில் காலமானார்.

அந்தப் பையனின் பெயரை எவ்வளவோ யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. அன்று அவனையே பலகைக்குக் கூப்பிட்டுக் கணக்கைப் போடச் சொல்லியிருந்தால் பத்து நிமிடம் ஆகியிருக்கும். மணி அடிக்க இன்னும் கால் மணி நேரம் இருந்தது.