இராஜகோபால பீரங்கி

தஞ்சாவூர் கீழவாசலில், பழைய கோட்டையின் கொத்தளமான பீரங்கிமேட்டின் மேல் கிழக்கு நோக்கி வைக்கப்பட்டிருக்கும் தேனிரும்புப் பீரங்கி. தஞ்சை நாயக்கர் இரகுநாதரின் ஆட்சியில், 1620 வாக்கில் செய்யப்பட்டது. நீளம் சுமார் 7.5 மீட்டர், எடை 22 டன் அளவில் இருக்கும் என்று கணித்திருக்கிறார்கள். பார்க்க வருபவர்கள் இதன் பருமனைக் கண்டு வியந்து திரும்பிவிடுகிறார்கள். உண்மையில் வியக்க வேண்டியது குழல் உருவான விதம். உலையில் உருக்கி வார்க்காமல், துளையிடும் எந்திரமும் இல்லாமல், கொல்லுப்பட்டறையின் நெருப்பையும் சம்மட்டியையும் கொண்டே இதைக் கட்டியிருக்கிறார்கள்.

குழலின் உட்சுவர் 43 நீண்ட இரும்புப் பட்டைகளை நெடுக்குவாட்டில் பக்கம் பக்கமாக அடுக்கி அமைந்தது. அவற்றின் மேல் 94 இரும்பு வளையங்கள் ஏறியிருக்கின்றன. வளையத்தைப் பழுக்கக் காய்ச்சினால் விரியும். விரிந்த நிலையில் குழலின் மேல் ஏற்றி அடித்துப் பொருத்துவார்கள். ஆறும்போது சுருங்கி உள்ளிருக்கும் பட்டைகளை இறுக்கும். மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா போடுவதைப் பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எருமுட்டை நெருப்பில் சிவந்த பட்டாவைக் குறடால் தூக்கிவந்து சக்கரத்தில் இறக்கித் தண்ணீர் ஊற்றியதும், ஆரக்கால்கள் நெரிபட்டு இறுகும் சத்தம் கேட்கும். பீரங்கியில் அதே வேலையை வளையத்துக்கு வளையம் செய்து, காய்ச்சி அடித்தே ஒன்றோடொன்று பற்றவைத்தார்கள். ஒரு வளையம் பாதி வழியில் ஆறிவிட்டால் அதை நகர்த்த முடியாது. எத்தனை கொல்லர்கள் ஒரே நேரத்தில், ஒரே தாளத்தில் சம்மட்டி போட்டிருக்க வேண்டும்!

வளையங்கள் அலங்காரத்துக்கு அல்ல. மருந்து வெடிக்கும்போது எழும் வாயு, குழலைக் குறுக்கே அறுப்பதைவிட நெடுக்கே பிளக்கவே அதிகம் முனையும். மூடிய உருளையொன்றில் சுற்றுவாட்டு இழுவிசை நீளவாட்டு இழுவிசையைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. பட்டைகளின் இணைப்புகளும் அதே நெடுக்குவாட்டில்தான் இருக்கின்றன. ஆகவே பீரங்கியின் உயிர் வளையங்களில் இருக்கிறது. 1850-களில் இங்கிலாந்தின் வில்லியம் ஆம்ஸ்ட்ராங் தன் பீரங்கிகளுக்குச் சூட்டில் ஏற்றிய வளையங்களைப் பயன்படுத்தியதும் இதே தத்துவத்தில்தான். 1449-இல் செய்யப்பட்டு இப்போது எடின்பரோ கோட்டையில் இருக்கும் 'மான்ஸ் மெக்' பீரங்கியும் பட்டையும் வளையமுமாகக் கட்டப்பட்டதே.

1620-இல் டேனிஷ்காரர்கள் இரகுநாத நாயக்கருடன் ஒப்பந்தம் செய்து தரங்கம்பாடியில் கால்பதித்தார்கள். அதை வைத்து, பீரங்கி செய்யும் நுட்பத்தை அவர்களே தந்தார்கள் என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். ஆனால் ஐரோப்பா அப்போது வார்ப்புப் பீரங்கிகளுக்கு மாறியிருந்தது. இரும்பைக் காய்ச்சிப் பற்றவைத்துப் பெரும்பீரங்கி செய்யும் கலை இந்தியாவில்தான் செழித்திருந்தது. வங்காளத்தின் விஷ்ணுப்பூரில் இருக்கும் 'தல் மாதல்' பீரங்கி அதற்கு இன்னொரு சான்று. எனவே இதைத் தஞ்சைக் கொல்லர்களின் வேலையாகவே கொள்வது பொருந்தும்.

இத்தகைய குழலைக் கழற்றி மாற்ற வழியில்லை. இன்றைய ரைஃபிளில் குழல் தனி உறுப்பு. பின்கட்டில் மரையிட்டுப் பொருத்தப்படுவதால், தேய்ந்தால் வேறு குழல் போடலாம். அதுவும் தோட்டா அமரும் இடைவெளியை அளவுகோல் வைத்துச் சரிபார்க்க வேண்டிய நுண்ணிய வேலை. பீரங்கிமேட்டுக் குழலோ முழுதும் ஒரே உடல். விரிசல் விட்டால் பீரங்கியே போயிற்று.

நான்கு நூற்றாண்டு வெயிலிலும் மழையிலும் கிடந்தும் இது பெரிதாகத் துருப்பிடிக்கவில்லை. தில்லி இரும்புத் தூணை ஆராய்ந்த கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியர் ஆர். பாலசுப்ரமணியம் இந்தப் பீரங்கியையும் ஆராய்ந்தார்.

இது ஒரே முறைதான் சுடப்பட்டது என்று ஊரில் சொல்வார்கள். 1799-இல் ஆங்கிலேயருடன் செய்த ஒப்பந்தத்துக்குப் பின் தஞ்சை மராட்டிய அரசர் இரண்டாம் சரபோஜியிடம் கோட்டையும் அதன் சுற்றுப்புறமுமே மிஞ்சின. பேராவூரணிக்குக் கிழக்கே சரபேந்திரராஜன்பட்டினத்துக் கடற்கரையில் அவர் எழுப்பிய மனோரா கோபுரமும் நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதன் நினைவுச்சின்னமே. 1855-இல் அரச மரபு முடிந்தபின் அரண்மனை ஆயுதச்சாலை கலைக்கப்பட்டது. மிஞ்சிய ஆயுதங்களில் ஒரு பகுதி சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனது. பீரங்கி மேட்டிலேயே இருக்கிறது.