சட்டைப் பையில் 224 மில்லிகிராம்

இன்னைக்குக் கதை அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் நடக்குது. பர்லிங்டன்னு ஒரு சின்ன நகரம். போலீஸ் சோதனையில ஒருத்தர் பாக்கெட்ல ஆரஞ்சு கலர் ஃபிலிம் ஒண்ணு கிடைக்குதுன்னு வைங்க. நாக்குக்கு அடியில வெச்சுக் கரைக்கிற மருந்து, பேரு சபாக்ஸோன். ஹெராயின் பழக்கத்துக்குக் கொடுக்கிற சிகிச்சை அது. ஆனா 2021 வரைக்கும் டாக்டர் சீட்டு இல்லாம வெச்சிருந்தா அங்கே குற்றம்.

"அதையும் போதைக்குத்தானே வாங்கியிருப்பாங்க"ன்னுதான் நானும் முதல்ல நினைச்சேன். அமெரிக்காவில் நடந்த பல ஆய்வுகளில் தெருவில் வாங்கினவங்க அதிகம் சொன்ன காரணம் வேற: வித்டிராயல் அவஸ்தையைத் தாங்க முடியலை, சிகிச்சை கிடைக்கலை.

இதுக்கு அந்த மருந்து எப்படி வேலை செய்யுதுன்னு பார்க்கணும். இதில் இருக்கிற பியூப்ரினார்ஃபின், மூளையில ஹெராயின் உட்காருற அதே இடத்துல போய் இறுக்கமா உட்காரும். ஆனா பாதி வேலைதான் செய்யும். டோஸை ஏத்திக்கிட்டே போனாலும், ஒரு அளவுக்கு மேல மூச்சை அடக்குற ஆபத்து அதே மாதிரி ஏறாது. நடுக்கமும் வாந்தியும் உடம்புவலியும் அடங்கும். ஏற்கெனவே பழகின உடம்புக்குப் பெரிய கிக் வராது. 1966-ல் இங்கிலாந்தின் ஹல் நகரத்தில் இதை உருவாக்கினது ரெக்கிட் அண்ட் கோல்மன். ஆமாங்க, நம்ம வீட்டு டெட்டால் கம்பெனிதான்!

போதை சிகிச்சைக்கு இது உதவும்னு 1978-லேயே ஆய்வாளர்கள் எழுதிட்டாங்க. அமெரிக்காவில் அதற்கு அனுமதி வந்தது 2002-ல். அப்பவும் டாக்டர் 8 மணி நேரம் தனிப் பயிற்சி எடுக்கணும், அரசிடம் தனி அனுமதி வாங்கணும், ஆரம்பத்தில் 30 நோயாளிகளுக்கு மேல் பார்க்கக் கூடாது. பலரைப் பழக்கத்துக்குள் தள்ளின ஆக்ஸிகோடோனை எழுத அப்போ இந்த நிபந்தனை எதுவும் இருக்கலை. அஃபிஷியல் ஏபிஐ-க்கு ரேட் லிமிட் போட்டுட்டு, யூசர் ஏன் குறுக்கு வழி தேடுறான்னு கோபப்படுற கதைதான்.

2018-ல் பர்லிங்டன் இருக்கிற சிட்டென்டன் கவுன்ட்டியின் அரசு வழக்கறிஞர் சாரா ஜார்ஜும், நகரப் போலீஸ் தலைவர் பிராண்டன் டெல் போசோவும் ஒரு முடிவுக்கு வந்தாங்க. சீட்டில்லாத பியூப்ரினார்ஃபினுக்காக இனி கைதும் இல்லை, வழக்கும் இல்லை. அந்த வருஷம் கவுன்ட்டியில் ஓபியாய்டு மரணங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. அதுக்கு இது மட்டுமே காரணம்னு நான் சொல்ல மாட்டேன். மருத்துவமனை எமர்ஜென்சியிலேயே இந்த மருந்தைத் தொடங்குறதும் அதே சமயத்துலதான் வந்துச்சு.

பயப்படுறவங்க கையில ஃபின்லாந்து இருக்கு. ஆப்கானிஸ்தானில் தாலிபான் அபினி சாகுபடியைத் தடை செஞ்ச பிறகு, 2001 வாக்கில் அங்கே ஹெராயின் வரத்து நின்னுபோச்சு. அந்த இடத்தைப் பிடிச்சது இதே பியூப்ரினார்ஃபின். 1996 முதல் சாதாரண டாக்டரே எழுதித் தர முடிஞ்ச பிரான்ஸிலிருந்து கடத்தி வந்தாங்க. கரைச்சு ஊசியா ஏத்திக்கிட்டாங்க. தூக்க மாத்திரை, மது கூடக் கலந்து செத்தவங்க நிறைய. அதனால இந்த மருந்தை "பாதுகாப்பானது"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சுட முடியாது.

வெர்மான்ட் சட்டமன்றத்துக்கும் இந்தப் பயம் இருந்துச்சு. 2021-ல் 224 மில்லிகிராம் வரை வெச்சிருந்தால் தண்டனை இல்லைன்னு சட்டம் போட்டாங்க. அதுவும் 2 வருஷத்துல காலாவதி ஆகுற மாதிரி. ஏன் 224? ஒரு நாளைக்கு 16 மில்லிகிராம்னு வகுத்துப் பாருங்க, சரியா 14 நாள். 2023-ல் காலாவதி தேதியை எடுத்துட்டு, சட்டத்தை அப்படியே வெச்சுக்கிட்டாங்க.

டாக்டர்களுக்கான அந்தத் தனி அனுமதி, 2022 டிசம்பரில் நாடு முழுக்க ரத்தாச்சு. இப்போ சீட்டு எழுத முன்ன மாதிரி தடை இல்லை. ஆனா அந்தச் சீட்டை எடுத்துட்டுப் போனா, பல மருந்துக்கடையில இன்னும் ஸ்டாக் இல்லைன்னு திருப்பி அனுப்புறாங்க.