சின்ஃபோனியா அண்டார்ட்டிகா

ஆங்கில இசையமைப்பாளர் ரால்ஃப் வான் வில்லியம்ஸின் ஏழாவது சிம்பொனி. 1948-இல் வெளிவந்த ‘ஸ்காட் ஆஃப் தி அண்டார்ட்டிக்’ திரைப்படத்துக்கு அவர் எழுதிய பின்னணி இசையிலிருந்து உருவானது. திரைக்கு எழுதுவதும் கச்சேரி மேடைக்கு எழுதுவதும் எங்கே பிரிகின்றன என்பதற்கு நல்ல சான்று.

திரையில் நேரம் படத்தொகுப்பாளர் கையில் இருக்கிறது. காட்சி முடிந்தால் இசையும் முடிந்தாக வேண்டும். வசனம் வந்தால் அடங்கிப் போக வேண்டும். வான் வில்லியம்ஸோ படத்தைப் பார்க்கும் முன்பே பெரும்பகுதியை எழுதி முடித்துவிட்டார்! அதில் கணிசமான பகுதி படத்தில் இடம்பெறவில்லை.

மேடையில் அந்தக் கெடுபிடி கிடையாது. ஆனால் பனிவெளியைக் கண்ணுக்குக் காட்டத் திரையும் கிடையாது. எனவே ஐந்து பகுதிகளின் பாரத்தையும் இசையே சுமக்கிறது. சொல்லின்றிப் பாடும் சோப்ரானோ, பெண்கள் குழு, காற்றொலி எழுப்பும் கருவி ஆகியவை திரையிலிருந்து மேடைக்கு வந்தன. ‘நிலக்காட்சி’ என்ற மூன்றாம் பகுதி மெல்லிய ஒலிகளில் தொடங்கிப் பொறுமையாக வளர்கிறது. உச்சத்தில் ஆர்கன் முழுப் பலத்துடன் குறுக்கிடும்போது எதிரே பனிச்சுவர் நிற்பதை உணரலாம். அவ்வளவு நிதானத்துக்குத் திரைக்காட்சி எதுவும் இடம் தராது.

‘இது சிம்பொனி அல்ல, கோத்தெடுத்த திரையிசை’ என்ற விமர்சனமும் உண்டு. மூன்றாம் பகுதியைப் பொறுத்தவரை அது எடுபடாது.

முதல் அரங்கேற்றம் 1953 ஜனவரி 14 அன்று மான்செஸ்டரில், ஜான் பார்பிரோலி தலைமையில் ஹாலே இசைக்குழுவால் நிகழ்த்தப்பட்டது.